‘லைஃப்டைம் ஆயில்’ கியர்பாக்ஸ், 92,000 கி.மீ.யில் உதறுகிறது: மாற்றத்தான் வேண்டுமா?

மலைப்பாதை (பொள்ளாச்சி)

வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே படித்துவிட்டுப் போகிறவன்தான். இப்போது சொந்த வண்டிக்கே வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

2017 மாடல் டீசல் எஸ்யூவி. 6 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வர்ட்டர் வகை (எஞ்சின் விசையை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது). 2021இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அப்போது 41,000 ஓடியிருந்தது, இப்போது 92,000. மனைவியின் ஊர் வால்பாறை. அதனால் மாதம் ஒரு முறையாவது ஆழியாறிலிருந்து அந்த 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குகிற வண்டி.

மூன்று மாதமாக இரண்டு தொல்லை. 55-65 வேகத்தில் ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்துப் போகும்போது வண்டி உதறுகிறது. டோல்கேட்டுக்கு முன்னால் வரிவரியாகக் கோடு போட்டிருப்பார்களே, அதன்மேல் போகிற மாதிரி இரண்டு மூன்று விநாடி. அப்புறம் தானாக அடங்கிவிடும். அழுத்தி மிதித்தால் உதறல் இல்லை. இன்னொன்று, காலையில் முதல் முறை ரிவர்ஸ் போட்டால் இரண்டரை விநாடி ஒன்றுமே நடக்காது, அப்புறம் ‘டக்’கென்று பிடிக்கும்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள், எரர் கோடு எதுவும் இல்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் அசெம்ப்ளியே மாற்றணும் சார்” என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். 3,10,000 ரூபாய், வரி தனி. முதலில் ஆயிலை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “இது சீல்டு யூனிட், லைஃப்டைம் ஆயில், திறக்கவே கூடாது” என்றார் அட்வைசர். வண்டியை விற்றாலே ஏழு லட்சம் தேறுமா தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

தம்பி, அந்த எஸ்டிமேட்டை மடித்து டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். 26 வருஷம் கியர்பாக்ஸ் வேலை பார்த்தவன் சொல்கிறேன், எரர் கோடும் இல்லாமல், சேம்பரும் (பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) திறக்காமல், அசெம்ப்ளி மாற்று என்று சொல்வது வைத்தியம் இல்லை.

முதலில் ஒரு சோதனை. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், பின்னால் வண்டி வராதபோது, அந்த உதறல் வருகிற வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். உதறத் தொடங்கியதும் இடது காலால் பிரேக்கைச் சும்மா தொடுங்கள், பின் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் சுவிட்ச் விழுந்ததும் டார்க் கன்வர்ட்டருக்குள் எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பூட்டுகிற லாக்கப் கிளட்ச் விட்டுவிடும். அந்த நொடியே உதறல் நின்றால் விஷயம் லாக்கப்பில் இருக்கிறது. நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜெக்டர், எஞ்சின் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

லாக்கப் ஏன் உதறும்? உறுமி மேளம் பார்த்திருப்பீர்கள். வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்த்தால் அது பிடித்துப் பிடித்து விடும், அதில்தான் அந்த உறுமல் வரும். வழுக்கிக்கொண்டு சீராகப் போனால் சத்தமே வராது. லாக்கப் கிளட்சும் அப்படித்தான். அது சீராக வழுக்கி ஒட்டுவதற்காகவே ஆயிலில் உராய்வைக் கட்டுப்படுத்தும் மருந்து சேர்த்திருப்பார்கள். ஆயில் பழசானால் முதலில் சாகிறது அந்த மருந்துதான். அப்புறம் கிளட்ச் உறும ஆரம்பிக்கும்.

இந்த ‘லைஃப்டைம்’ பற்றி ஒன்று. பிஎம்டபிள்யூ முதல் பல கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் செட்எஃப், தன் 8 கியர் பெட்டிக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கிப் பொருத்துகிற கார் கம்பெனி லைஃப்டைம் என்கிறது. பெட்டியைச் செய்தவன் பேச்சைக் கேட்பதா, வாரண்டி முடிகிற வரைக்கும் மட்டும் கணக்குப் பார்க்கிறவன் பேச்சைக் கேட்பதா? உங்கள் வண்டி மேனுவலில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கும். எடுத்துப் படியுங்கள். மலை ஏற்றம் அதில்தான் வரும்.

பட்டது போதும் (மதுரை)

ஸ்பேனர் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் என் கதையையும் கேட்டுவிட்டு மலைப்பாதை முடிவெடுக்கட்டும்.

என் பழைய செடான் 1,48,000 கி.மீ. ஓடியது. ஆயில் மாற்றியதே இல்லை. லேசாக ஸ்லிப் (கியர் பிடிக்காமல் வழுக்குவது) இருந்தது, அவ்வளவுதான். ஒரு கடையில் மெஷின் போட்டு ‘ஃபிளஷ்’ செய்தார்கள். 11,000 ரூபாய். சரியாகப் பதினாறாம் நாள் மூன்றாவது கியர் பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் ரிவர்ஸும் போனது. ஆயிலைத் தொடாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷமாவது ஓடியிருக்கும். ஓடுகிற பெட்டியை நோண்டாதே என்பதுதான் நான் கற்றது.

கணக்கு வாத்தியார் (கும்பகோணம்)

ஃபிளஷ் வேறு, டிரெய்ன் வேறு. சேம்பர் போல்ட்டைக் கழற்றினால் கீழே தேங்கியிருக்கும் ஆயில் மட்டும்தான் வரும். மீதி கன்வர்ட்டரிலும் கூலர் குழாயிலும், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியிலும் நின்றுவிடும். ஒரு பேச்சுக்கு மொத்தக் கொள்ளளவு 9 லிட்டர், ஒரு முறை திறந்தால் 4 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி இறக்கினால் இப்படி வரும்: முதல் தடவை 44 சதவீதம் புது ஆயில், இரண்டாம் தடவை 69, மூன்றாம் தடவை 83. நான்காவது தடவை செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது. மெஷின் இதையே ஒரே மூச்சில் செய்கிறது, அழுத்தத்தோடு. வித்தியாசம் அங்கேதான்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

வாத்தியார் சொன்னது சரி. மதுரைத் தம்பிக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் சொல்வது பொய் இல்லை. இப்படி நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெட்டியில் கிளட்ச் தட்டு ஏற்கெனவே தேய்ந்து ஸ்லிப் ஆகிக்கொண்டிருந்தது. தேய்ந்த தூள் முழுக்க ஆயிலில் மிதந்துகொண்டிருந்தது. மெஷின் அழுத்தம் கொடுத்ததும் மூலையில் கிடந்த குப்பையெல்லாம் கிளம்பி வால்வ் பாடியின் சின்னத் துளைகளில் போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பெட்டி எப்படியும் சாகத்தான் போகிறது, மெஷின் அந்தச் சாவைப் பதினாறு நாளுக்குள் கொண்டுவந்தது, அவ்வளவுதான். ஸ்லிப் இருக்கிற பெட்டிக்கு ஆயில் மாற்றினால் குணமாகும் என்று சொல்லி 11,000 வாங்கியவரைத்தான் நான் குறை சொல்வேன்.

அதனால் நான் பார்க்கிற முறை இது. ஸ்லிப் வேறு, உதறல் வேறு. மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி போகவில்லை, ஆயிலில் தீய்ந்த வாடை என்றால் ஆயில் காசை மிச்சம் பிடித்து ஓவர்ஹாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி சரியாகப் பிடிக்கிறது, லேசான வேகத்தில் மட்டும் உதறுகிறது என்றால் ஆயில் மாற்றிப் பார்க்க நியாயம் இருக்கிறது. மலைப்பாதை தம்பி சொல்வது இரண்டாவது ரகம் மாதிரி தெரிகிறது. அவர் வண்டிக்கு மெஷின் வேண்டாம், சேம்பர் இறக்கி மாற்றினால் போதும்.

வடமராட்சிக் காற்று (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்து அனுபவம் ஒன்று. இலங்கையில் ஓடுகிற கார்களில் நிறைய ஜப்பானில் ஓடிக் கழிந்து வந்தவை. மீட்டரில் எத்தனை கிலோமீற்றர் என்பதை நம்பேலாது, சர்வீஸ் புத்தகம் இருந்தாலும் ஜப்பான் எழுத்தில் இருக்கும். ஆகவே வாங்கினவுடன் கியர் ஒயில் மாற்றுவது இங்கே ஒரு சடங்கு மாதிரி.

அந்தச் சடங்கிலேதான் நான் மாட்டுப்பட்டேன். என்னுடையது சின்ன சிவிடி கார். கராஜ்காரர் நல்ல மனுசன், ஆனால் “எல்லா ஓட்டோவுக்கும் இது சரி” என்று சொல்லிச் சாதாரண ஓட்டோ கியர்பெட்டிக்கு ஊற்றுகிற சிவப்பு ஏரிஎஃப் ஒயிலை ஊற்றிப்போட்டார். கொடிகாமம் தாண்ட முதலே கூவுகிற சத்தம். சிவிடிக்குள் பல்லுச் சக்கரத்தில் கியர் மாறுவதில்லை. இரண்டு கூம்புக் கப்பிக்கு நடுவில் ஒரு இரும்புப் பட்டி, அது உராய்வில்தான் இழுக்கும். அந்த உராய்வைத் தருவது சிவிடிக்கென்று செய்த ஒயில். சாதாரண ஏரிஎஃப் ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியில் கோடு விழும். நான் அன்றைக்கே வாகனத்தைத் திருப்பி, முழுவதையும் இறக்கிச் சரியான ஒயிலை இரண்டு தரம் மாற்றி ஓடவிட்டேன். தப்பினேன். எல்லாருக்கும் அப்படித் தப்பாது.

மலைப்பாதை அண்ணை, போத்தலில் இருக்கிற பெயரை மேனுவலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க விடுங்கோ.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

அருமையாகச் சொன்னீர்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், நிறத்தைப் பார்த்து ஆயில் தேர்ந்தெடுக்கக் கூடாது. டெக்ஸ்ரான் 3, டெக்ஸ்ரான் 6, டொயோட்டாவின் டபிள்யூஎஸ் மூன்றும் சிவப்புதான். ஆனால் டெக்ஸ்ரான் 3 கெட்டி, மற்ற இரண்டும் அதைவிட மெல்லியவை. மெல்லிய ஆயிலுக்குச் செய்த பெட்டியில் கெட்டியானதை ஊற்றினால் கியர் மாறும் நேரம் தப்பும். சில சிவிடி ஆயில் பச்சையாகவே வரும், அதைப் பார்த்து கூலண்ட் கலந்துவிட்டது என்று பயந்து ஓடி வந்தவர்களும் உண்டு.

கிள்ளான் மாமா (மலேசியா)

கூலண்ட் பேச்சு வந்ததால் நுழைகிறேன். பழைய வண்டிகள் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர வைக்கும் குழாய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளேயே ஓடும். உள்ளே அந்தக் குழாய் ஓட்டையானால் ஆயிலும் கூலண்டும் கலந்துவிடும். எங்கள் ஊர் வொர்க்‌ஷாப்பில் ஒருவர் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார், அச்சு அசல் சிராப் பண்டுங். உங்கள் ஊரில் ரோஸ்மில்க் என்பீர்கள். அந்த நிறத்தைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ரேடியேட்டர் பத்து வருஷம் தாண்டினால் நான் அது கெடுவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவேன். ரேடியேட்டர் விலை ஒரு பெட்டி விலையில் எத்தனை பங்கு என்று பாருங்கள்.

இன்னொன்று, இழுவை. ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடினால்தான் பெட்டிக்குள் இருக்கும் பம்பும் ஓடும். எஞ்சின் நின்ற வண்டியைச் சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் சுற்றும். என் மைத்துனர் ஈப்போவிலிருந்து தாப்பா வரைக்கும் அப்படி இழுத்துக்கொண்டு வந்தார். பேட்டரிக் கோளாறாகக் கிளம்பியது கியர்பாக்ஸ் கோளாறாக வந்து சேர்ந்தது.

வேளச்சேரிப் படகு (சென்னை)

மாமா, எங்களுக்கு இழுவையே வேண்டாம், வண்டி தானே மிதந்து போகும் 😀

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் என் வண்டி கதவு உயரம் தண்ணீரில் ஒரு நாள் நின்றது. எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், சீட் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். கியர் ஆயிலை யாரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றரை மாதத்தில் ஸ்லிப். பெட்டிக்கு மேலே மூச்சு விடுவதற்கு ஒரு சின்னக் குழாய் இருக்கிறதாம், அதன் வழியே தண்ணீர் போயிருக்கிறது. கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் காகிதம் மாதிரியான அடுக்கு தண்ணீர் பட்டால் பசை விட்டு உரிந்து வருமாம். இன்சூரன்சில் அப்போதே எழுதி வாங்கியிருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கியர் ஆயிலையும் பார்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

காவிரிக்கரை (திருச்சி)

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஏஎம்டி. ஆட்டோமேட்டிக் என்று சொல்லித்தான் வாங்கிக் கொடுத்தார்கள். 38,000 கி.மீ.யில் கிளட்ச் போய்விட்டது என்கிறார்கள். எனக்கும் இந்த ஆயில்தான் காரணமா?

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

இல்லைம்மா, உங்களுடையது வேறு குடும்பம். 2014இல் மாருதி செலேரியோவில் இந்தியாவுக்கு வந்த ரகம். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் சாதாரண கிளட்சும்தான், உங்கள் இடது கால் செய்கிற வேலையை ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது. டார்க் கன்வர்ட்டர் கிடையாது.

திருச்சியில் எங்கே ஓட்டுகிறீர்கள்? பாலம் ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது பிரேக்கை விட்டு, வண்டி பின்னால் போகாமல் ஆக்சிலரேட்டரிலேயே தாங்கிப் பிடிக்கிறீர்களா?

காவிரிக்கரை (திருச்சி)

ஆமாம் ஐயா. ஜங்ஷன் மேம்பாலத்தில் தினமும் இரண்டு வேளை. அப்படித்தான் ஓட்டணும் என்று நினைத்தேன்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

அதுதான் கிளட்சைத் தின்றது. அப்படித் தாங்கிப் பிடிக்கும்போது கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். இனிமேல் ஏற்றத்தில் பிரேக், நேரம் பிடித்தால் நியூட்ரலும் ஹேண்ட்பிரேக்கும். புதுக் கிளட்ச் போட்டதும் ஸ்கேனரில் கிளட்சின் பிடிமானப் புள்ளியைக் கற்றுக்கொடுக்கும் வேலை ஒன்று உண்டு, அதைச் செய்தார்களா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். செய்யாவிட்டால் புதுசும் ஜெர்க் அடிக்கும்.

டர்போ தம்பி (பெங்களூரு)

டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வேகனின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கூட்டத்துக்கு ஒரு வரி. 6 கியர், ஆயிலில் நனைந்த கிளட்ச் இருக்கும் டிக்யூ250 என்றால் 60,000 கி.மீ.க்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆகணும், கம்பெனியே சொல்வது. 7 கியர் உலர் கிளட்ச் டிக்யூ200க்கு அப்படி அட்டவணை கிடையாது. அதன் கதை தனி. 2013இல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, அதிலிருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் சிந்தெடிக் ஆயிலால் பெட்டியின் மின்சுற்றில் கோளாறு வரும் என்பதுதான் காரணம். சிந்தெடிக் என்றால் எப்போதும் உசத்தி என்று பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மலைப்பாதை (பொள்ளாச்சி)

எல்லோருக்கும் நன்றி. பிரேக் தொடும் சோதனையை உடுமலை ரோட்டில் நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் பிரேக்கைத் தொட்ட நொடியே உதறல் நின்றது. லாக்கப்தான்.

மேனுவலையும் தேடி எடுத்தேன். 214ஆம் பக்கம். சாதாரண அட்டவணையில் கியர் ஆயிலுக்கு ‘பரிசோதிக்கவும்’ என்று மட்டும் இருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில், மலைப்பாதை, இழுவை, அதிக வெப்பம் என்றால் 80,000 கி.மீ.க்கு மாற்றவும் என்று அச்சாகியிருக்கிறது. ஃபோட்டோ எடுத்து அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

கோவையில் ஆட்டோமேட்டிக் மட்டும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சனிக்கிழமை கொடுத்திருக்கிறேன். பக்கத்திலேயே நின்று பார்க்கலாம் என்றார்கள். அது ஒன்றே எனக்குப் பாதித் தெம்பு.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

நின்று பாருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். இறக்கிய ஆயிலை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள், வழக்கமாக வர வேண்டிய அளவு வந்ததா என்று தெரிய வேண்டும். சேம்பர் அடியில் இருக்கும் காந்தத்தைத் துடைப்பதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். விபூதியைக் குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வயசுக்குரிய தேய்மானம். நகத்தில் நெருடுகிற இரும்புத் துண்டு இருந்தால் மேலே செலவு செய்யாமல் மூடிவிட்டு எனக்கு எழுதுங்கள். மூன்றாவது, ஆயில் அளவு பார்க்கும்போது ஸ்கேனரில் ஆயில் வெப்பத்தைப் பார்த்தே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகள் பலவற்றில் 40 டிகிரியை ஒட்டி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அளவுத் துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக வழிய வேண்டும். சரியான எண் உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் இருக்கும். ஆயில் சூட்டில் விரியும். 80 டிகிரியில் அளவு பார்த்து மூடினால் ஆறியதும் ஆயில் குறைச்சல்தான்.

மலைப்பாதை (பொள்ளாச்சி)

சனிக்கிழமை கதை. நீளமாக எழுதுகிறேன், பிறகு யாருக்காவது உதவும்.

டிரெய்ன் போல்ட்டைக் கழற்றியதும் வந்தது காபி டிகாக்‌ஷன். சிவப்பு என்பதற்கு அடையாளமே இல்லை. ஆனால் தீய்ந்த வாடை இல்லை, மெக்கானிக் என்னையும் முகரச் சொன்னார். அளந்தால் 3.1 லிட்டர். சேம்பரோடு இறக்கினால் 4 லிட்டர் வர வேண்டுமாம். கிட்டத்தட்ட 900 மில்லி காணோம். எங்கே போனது என்று டார்ச் அடித்துத் தேடியதில், கூலர் குழாய் சேரும் இடத்தில் ஓரிங் (ரப்பர் வளையம்) கசிந்து, அதன்மேல் மண் அப்பிக் கெட்டியாகி இருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழாததற்கு அந்த மண்தான் காரணம். ஒவ்வொரு சர்வீசிலும் வண்டியை லிஃப்டில் ஏற்றியவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டாமா?

காந்தத்தில் விபூதிப் பசைதான், ஐயா சொன்ன மாதிரியே. துண்டு எதுவும் இல்லை. ஃபில்டர், சேம்பர் பேக்கிங், ஓரிங் எல்லாம் புதுசு. மேனுவலில் சொன்ன அதே ஆயில், பாட்டில் சீலை என் கையாலேயே திறந்தேன். எஞ்சின் ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, ஸ்கேனரில் 38 டிகிரி வந்ததும் அளவு போல்ட்டைத் திறந்தார். சரியாக வழிந்தது.

பொள்ளாச்சி வரும் வழியில் உதறல் ஒரே ஒரு முறை, அதுவும் பாதி. ஆனால் மறுநாள் காலை ரிவர்ஸ் இன்னும் தாமதம்தான். இரண்டரை விநாடி இருந்தது ஒன்றரை ஆகியிருக்கிறது.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

900 மில்லி குறைவில் 40 வளைவு ஏறியிருக்கிறீர்கள். சாய்வில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்திருக்கும். பெட்டி தாங்கியதே அதிர்ஷ்டம்.

இப்போது 44 சதவீதம்தான் புதுசு, வாத்தியார் கணக்குப்படி. 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை டிரெய்ன் மட்டும் போடுங்கள், ஃபில்டர் தொட வேண்டாம். ரிவர்ஸ் தாமதம் முழுசாகப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உள்ளே ரப்பர் சீல் இறுகியிருந்தால் ராத்திரி முழுக்க ஆயில் கீழே வடிந்து, காலையில் அழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். அது ஆயிலால் தீராது. ஒன்றரை விநாடியிலேயே நின்றால் விட்டுவிடுங்கள், கூடினால் பார்ப்போம். அதுவரை காலையில் பிரேக்கை மிதித்து ரிவர்ஸ் போட்டதும், பிடிக்கும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். தொட்டால் அந்த ‘டக்’கில் உள்ளே அடி விழும்.

பட்டது போதும் (மதுரை)

சரி, ஒத்துக்கொள்கிறேன், உங்களுடையதும் என்னுடையதும் ஒரே நோய் இல்லை. எவ்வளவு ஆனது என்று சொல்லவில்லையே?

மலைப்பாதை (பொள்ளாச்சி)

ஆயில், ஃபில்டர், பேக்கிங், ஓரிங், கூலி எல்லாம் சேர்த்து 13,400. ஆறு வாரம் கழித்து இரண்டாவது டிரெய்னுக்கு 6,200. மொத்தம் 19,600.

இரண்டாவது முறை இறங்கிய ஆயில் டிகாக்‌ஷன் இல்லை, லேசான டீ. உதறல் 1,400 கி.மீ.யாக ஒரு முறைகூட வரவில்லை. ரிவர்ஸ் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அதோடு வாழப் பழகிவிட்டேன்.

900 ரூபாய்க்கு ஒரு ஓபிடி டாங்கிள் (வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி) வாங்கி, கியர் ஆயில் வெப்பத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டே போன வாரம் வால்பாறை ஏறினோம். சமவெளியில் 86, 88 டிகிரி என்று இருந்தது. முழு லோடு, ஏசி, ‘டி’யிலேயே விட்டு ஏறியபோது மேல் வளைவுகளில் 109 தொட்டது. நிறுத்தி, மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது கியரில் பிடித்தேன். ஆர்பிஎம் கூடியது, ஆனால் வெப்பம் 98க்கு இறங்கியது. இது எப்படி ஐயா? எஞ்சின் கத்தினால் சூடு கூடத்தானே வேண்டும்?

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

பெட்டிக்குள் சூட்டைக் கிளப்புவது பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டர் வழுக்கல்தான் தம்பி. உயர் கியரில் திணறி ஏறும்போது எஞ்சின் ஒரு வேகம், பெட்டி ஒரு வேகம், நடுவில் ஆயில் கடைபட்டுச் சூடாகும். கீழ் கியரில் இரண்டு வேகமும் நெருங்கிவிடும், பம்பும் கூடுதலாகச் சுற்றிக் கூலருக்கு அதிக ஆயில் அனுப்பும். இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர். நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கியரில் விட்டுக் காலை எடுத்தால் இன்ஜெக்டரே மூடிக்கொள்ளும்.

கிள்ளான் மாமா (மலேசியா)

எங்கள் கெந்திங் மலை இறக்கத்தில் கீழ் கியரில் இறங்கு என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அப்படியும் பிரேக் தீய்ந்த வாடை இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

பார்க்கிங்கையும் சொல்லிவிடுகிறேன். மலையூரில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிரேக்கைவிட்டு வண்டி அதில் உட்கார்ந்த பிறகு ‘பி’. நேரே ‘பி’ போட்டால் வண்டியின் மொத்த எடையும் உள்ளே ஒரு விரல் அளவு இரும்புக் கொக்கியில் தொங்கும். எடுக்கும்போது ‘டங்’கென்று ஒரு சத்தம் வருமே, அந்தக் கொக்கியின் சத்தம்தான்.

மலைப்பாதை (பொள்ளாச்சி)

மாமா, மாமியார் வீட்டு வாசலில் ஏழு வருஷமாக... சரி, இந்த வண்டியோடு எனக்கு நாலு வருஷம்தான், நாலு வருஷமாக அந்த ‘டங்’கைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம்தான் நின்றது. “இன்னிக்கு வண்டி எடுத்ததே தெரியலையே” என்றார் மாமியார்.

அடுத்த ஆயில் எப்போது ஐயா? 80,000 வரை விடலாமா?

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (அம்பத்தூர்)

109 தொடுகிற வண்டிக்கு 50,000. இடையில் ஒவ்வொரு சர்வீசிலும் அந்தக் கூலர் குழாய் மூட்டைத் துணியால் துடைத்துவிட்டு விரல் வைத்துப் பாருங்கள். பில்லையும் இறக்கிய ஆயில் அளவையும் மேனுவலின் 214ஆம் பக்கத்திலேயே செருகி வைத்துவிடுங்கள்.